குட்டிக்கோஸின் கசப்பு போன கதை



இன்றைக்கு நான் பேச எடுத்துக்கொண்டிருப்பது உங்களில் பெரும்பாலோர் வயலில் இல்லாத ஒரு காயைப் பற்றி. "நம்ம ஊர்ல விளையாத காயைப் பத்தி இவரு எதுக்குப் பேச வந்தாரு?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். இந்தக் காய்க்கு நேர்ந்த கதி எந்த ஊர்க் காய்க்கும் நேரலாம். அதற்கு அவர்கள் கண்ட மருந்தும் நமக்குத் தெரிந்திருந்தால் நல்லது. அதனால்தான் சொல்ல வந்தேன்.

காயின் பெயர் பிரஸல்ஸ் ஸ்ப்ரௌட்ஸ். வாயில் நுழையச் சிரமப்படும் பெயர். ஆகவே இந்தப் பேச்சு முடிகிறவரை நாம் அதைக் குட்டிக்கோஸ் என்றே சொல்லிக்கொள்வோம்.

நான் நீலகிரியில் வேலை பார்த்த காலத்தில் ஒரு தோட்டக்காரர் அன்போடு ஒரு பை நிறையக் குட்டிக்கோஸ் கொடுத்தனுப்பினார். பார்க்க அழகாக இருந்தது. பெரிய நெல்லிக்காய் அளவில் கெட்டியான சின்னச் சின்ன முட்டைக்கோஸ்கள். சமைக்கும் முறை எனக்கும் தெரியாது, வீட்டிலும் தெரியாது. பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, காயைப் போட்டு, மூடி போட்டு அரைமணி நேரம் வேகவிட்டோம். வீடு முழுக்க அழுகிய முட்டை நாற்றம். பச்சையாக இருந்த காய் பாசி படிந்த நிறத்துக்கு வந்துவிட்டது. வாயில் வைத்தால் ஒரே கசப்பு. பக்கத்து வீட்டுப் பாட்டி எட்டிப் பார்த்துவிட்டு, "என்னா சார், சாக்கடை அடைச்சுக்கிச்சா?" என்று கேட்டார். அன்றைக்கு அவமானமாகத்தான் இருந்தது.

பிறகு இந்தக் காயைப் பற்றிப் படிக்கப் படிக்க ஒன்று புரிந்தது. குற்றம் என் அடுப்பில் மட்டும் இல்லை. பாதிக் குற்றம் சட்டியில், பாதிக் குற்றம் விதையில். இந்த இரண்டு குற்றங்களும் எப்படி வந்தன, எப்படித் தீர்ந்தன என்பதுதான் இன்றைய கதை.

ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்

முட்டைக்கோஸ், காலிஃபிளவர், நூக்கோல், குட்டிக்கோஸ் இவை நான்கும் பார்க்க வேறு வேறாக இருந்தாலும் தாவர நூலின்படி ஒரே இனம். ஐரோப்பாவின் கடலோரங்களில் காட்டுச் செடியாகக் கிடந்த ஒரு கோஸ் வகையிலிருந்து மனிதன் பொறுக்கிப் பொறுக்கி வளர்த்தெடுத்த பிள்ளைகள். நுனிக்குருத்தைப் பெரிதாக்கினான், முட்டைக்கோஸ் கிடைத்தது. பூவைத் திரட்டினான், காலிஃபிளவர் கிடைத்தது. தண்டைப் பருக்க வைத்தான், நூக்கோல் கிடைத்தது. இலைக்கும் தண்டுக்கும் நடுவே கணுச்சந்தில் இருக்கும் மொட்டைத் திரட்டினான், குட்டிக்கோஸ் கிடைத்தது.

ஆகவே இது முட்டைக்கோஸின் பிஞ்சு அல்ல. இரண்டு மூன்றடி உயரத் தண்டு ஒன்று நிற்கும். அதன் ஒவ்வொரு இலைக்கும் மேலே ஒரு குட்டிக்கோஸ் ஒட்டிக்கொண்டிருக்கும். அடியிலிருந்து நுனிவரை தண்டைச் சுற்றிக் காய்த்திருப்பதைப் பார்த்தால் ஏதோ அலங்காரத் தோரணம் போல இருக்கும்.

பெயர் தந்த ஊர்

பெல்ஜியம் நாட்டின் தலைநகரம் பிரஸல்ஸ். அந்த ஊரைச் சுற்றியுள்ள தோட்டங்களில்தான் இந்தக் காய் பேர் வாங்கியது. மிகப் பழங்காலத்திலிருந்தே அங்கே விளைந்தது என்று அந்த ஊர்க்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். எழுத்தில் உள்ள சான்றுகளைப் பார்த்தால், சுவிட்சர்லாந்து நாட்டுத் தாவர அறிஞர் காஸ்பார் பவுகின் 1623-இல் வெளியிட்ட நூலில், ஒரே செடியில் பல சிறு தலைகள் திரளும் கோஸ் ஒன்றைக் குறிப்பிட்டிருக்கிறார். 1821-இல் டி கான்டோல் என்ற இன்னொரு அறிஞர், பெல்ஜியத்துப் பக்கம் இது சர்வசாதாரணமாகப் பயிராகிறது என்று எழுதினார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்திலும் பிரான்ஸிலும் நன்றாகப் பரவிவிட்டது. அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த தாமஸ் ஜெஃபர்சன், பதவியிலிருந்து ஓய்வு பெற்றுத் தம் தோட்டத்தில் விவசாயம் பார்த்துக்கொண்டிருந்தபோது, 1812-இல் இதைப் பயிரிட்டார்.

அந்த நாட்டுக் குடியானவனுக்கு இந்தக் காய் ஏன் அவ்வளவு பிடித்தது தெரியுமா? காலம்தான் காரணம். அங்கே குளிர்காலம் வந்துவிட்டால் பச்சை என்று சொல்ல வயலில் அதிகம் நிற்காது. பல பயிர்கள் பனியில் கருகிவிடும். குட்டிக்கோஸோ உறைபனியிலும் தலை நிமிர்ந்து நிற்கும். நிற்பதோடு மட்டுமல்ல, பனி விழுந்த பிறகு இன்னும் இனிக்கும்.

இதில் மாயம் ஒன்றும் இல்லை. கடுங்குளிர் வந்தால் செடி தன் உடம்புக்குள் சர்க்கரையைச் சேர்த்துக்கொள்கிறது. வெறும் தண்ணீர் சீக்கிரம் உறையும், சர்க்கரை கரைந்த தண்ணீர் அவ்வளவு சீக்கிரம் உறையாது. தன் உயிரைக் காப்பாற்றிக்கொள்ளச் செடி சேர்க்கும் சர்க்கரை நம் நாக்குக்கு ருசியாகிறது. "முதல் பனி விழட்டும், அப்புறம் பறிக்கலாம்" என்று அந்த ஊர்ப் பெரியவர்கள் சொன்னதற்கு இதுதான் காரணம்.

பறிப்பதிலும் ஒரு முறை இருந்தது. தண்டின் அடியில் உள்ள காய்கள்தான் முதலில் திரளும். மேலே உள்ளவை பின்னால் திரளும். ஆகவே தோட்டக்காரன் குளிரில் விரல் விறைக்க, அடியிலிருந்து முற்றியதை மட்டும் பறிப்பான். இரண்டு மூன்று வாரம் கழித்து மறுபடியும் வந்து அடுத்த வரிசை. இப்படி ஒரே செடியில் பல பறிப்பு. வேலை கடினம்தான். ஆனால் ஒவ்வொரு காயும் அதனதன் பக்குவத்தில் கிடைத்தது.

சட்டி செய்த குற்றம்

இப்போது சமையலுக்கு வருவோம். இங்கிலாந்தில் எலிசா ஆக்டன் என்ற அம்மையார் 1845-இல் ஒரு சமையல் புத்தகம் போட்டார். வீட்டுக் குடும்பங்களுக்காக எழுதிய அந்தப் புத்தகத்தில் குட்டிக்கோஸ் சமையலும் இருக்கிறது. உப்புப் போட்டுக் கொதிக்கும் தண்ணீரில் காயைப் போடு, எட்டிலிருந்து பத்து நிமிஷம் வேகவிடு, தண்ணீரை நன்றாக வடி, வெண்ணெய் தடவிய ரொட்டியின் மேல் வைத்துப் பரிமாறு. இவ்வளவுதான் அவர் சொன்னது. இது பெல்ஜியத்துக்காரர்கள் முறை என்றும் குறிப்பிட்டார்.

எட்டு, பத்து நிமிஷம் என்பதைக் கவனியுங்கள். அரைமணி நேரம் அல்ல. ஆனால் பிற்காலத்தில் அந்த நாட்டு வீடுகளிலும் விடுதிகளிலும் காய்கறி என்றாலே குழைய வேகவைப்பது என்று ஒரு வழக்கம் நிலைத்துவிட்டது. கிறிஸ்துமஸ் விருந்தில் குட்டிக்கோஸ் கட்டாயம் உண்டு. ஆனால் அதை விரும்பிச் சாப்பிட்ட குழந்தைகள் குறைவு. "டிசம்பரில் வரும் கிறிஸ்துமஸுக்கு நவம்பரிலேயே குட்டிக்கோஸை அடுப்பில் ஏற்றிவிடு" என்று அவர்களே தங்களைக் கேலி செய்துகொள்ளும் அளவுக்கு வந்துவிட்டது.

அதிகம் வெந்தால் ஏன் கெடுகிறது? இதற்கு வெற்றிலை பாக்கை வைத்து ஓர் உதாரணம் சொல்கிறேன். வெற்றிலை தனியே, பாக்கு தனியே, சுண்ணாம்பு தனியே இருக்கிறவரை சிவப்பு இல்லை. மூன்றும் வாயில் சேர்ந்து அரைபட்டால்தான் சிவக்கும். கோஸ் இனத்துச் செடிகளிலும் அப்படி ஓர் ஏற்பாடு இருக்கிறது. கந்தகம் கலந்த ஒரு பொருள் ஓர் அறையில். அதை உடைக்கும் நொதி ஒன்று வேறோர் அறையில். புழு கடித்தாலோ, கத்தி பட்டாலோ இரண்டும் கலந்து கசப்பும் காரமும் உண்டாகும். செடிக்கு அது ஆயுதம். தன்னைக் கடிக்க வரும் பூச்சியை விரட்டச் செடி வைத்திருக்கும் ஏற்பாடு. வேடிக்கை என்னவென்றால், கோஸ் விவசாயிகளுக்குத் தொல்லை தரும் வைரமுதுகு அந்துப்பூச்சி அந்தக் காரத்துக்குப் பயப்படுவதில்லை. அதையே மோப்பமாக வைத்துச் செடியைத் தேடி வருகிறது!

கடுகை மென்றால் மூக்கில் ஏறுகிறதே, அதுவும் இதே வேலைதான். கடுகும் கோஸும் பங்காளிகள்.

இனி சட்டிக்குள் பாருங்கள். குளிர்ந்த தண்ணீரில் காயைப் போட்டு மெதுவாகச் சூடேற்றினால், அந்த நொதிக்கு வேலை செய்ய நிறைய நேரம் கிடைத்துவிடுகிறது. நல்ல கொதியில் போட்டால் சீக்கிரம் செயலிழந்துவிடும். அடுத்தது, நெடுநேரம் வேகவைத்தால் கந்தகப் பொருள்கள் சிதைந்து, அழுகிய முட்டை வாசனை உள்ள வாயு கிளம்பும். மூடியும் போட்டுவிட்டால் ஆவியோடு போகவேண்டிய அமிலங்கள் உள்ளேயே தங்கிப் பச்சை நிறத்தையும் கெடுக்கும். நான் செய்ததும் இத்தனை தப்பும்தான். போதாக்குறைக்கு ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல் உயரமான இடம். அங்கே தண்ணீர் 100 டிகிரிக்கு முன்பே, சுமார் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். காய் வேகத் தாமதமாகும். நாம் மேலும் மேலும் வேகவைப்போம். நாற்றம் மேலும் மேலும் கூடும்.

விதை செய்த குற்றம்

சரி, சட்டியைத் திருத்திவிட்டால் ருசி வந்துவிடுமா? ஐரோப்பாவில் 1970-களில், 1980-களில் அதுவும் போதவில்லை. நன்றாகச் சமைத்தாலும் கசந்தது. "எங்க பாட்டி காலத்துக் காய் இப்படிக் கசக்கவில்லையே" என்று பேசிக்கொண்டார்கள். வயதானவர்கள் வழக்கமாகச் சொல்வதுதானே என்று யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அந்தப் பெரியவர்கள் சொன்னது உண்மை.

நடந்தது இதுதான். இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு அந்த நாடுகளில் பண்ணைக்கு ஆள் கிடைப்பது கஷ்டமாகிவிட்டது. கூலியும் ஏறியது. குளிரில் நின்று நாலு பறிப்புப் பறிக்க யார் வருவார்கள்? 1960-களின் பிற்பகுதியில் பறிப்பு வேலை கையிலிருந்து இயந்திரத்துக்கு மாறத் தொடங்கியது. தண்டோடு வெட்டி, இயந்திரத்தில் கொடுத்தால் காய்கள் எல்லாம் ஒரே நேரத்தில் உதிர்ந்து விழும்.

இயந்திரத்துக்கு ஒரு பிடிவாதம் உண்டு. எல்லாக் காயும் ஒரே சமயத்தில் முற்றியிருக்க வேண்டும். எல்லாம் ஒரே அளவாக இருக்க வேண்டும். அடியில் முற்றல், மேலே பிஞ்சு என்று இருந்தால் அதற்குப் பிடிக்காது. நுனிக்குருத்தைக் கிள்ளிவிட்டுக் காய்களை ஒருசேரத் திரள வைக்கும் முறை ஓரளவு உதவியது. பனிக்கட்டியில் உறைய வைத்துப் பொட்டலம் போட்டு விற்கும் கம்பெனிகளும் ஒரே அளவான காயைத்தான் கேட்டன. அதே சமயம் வீரிய ஒட்டு ரகங்களும் வந்துகொண்டிருந்தன. ஜேட் கிராஸ் என்ற ஒட்டு ரகம் 1959-இல் அமெரிக்காவில் பரிசு பெற்றது. இயந்திரத்துக்கு ஏற்ற ரகம் வேண்டும் என்றதும் விதை உற்பத்தியாளர்கள் மும்முரமாக இறங்கினார்கள். விளைச்சல் கூடியது. காய்கள் சீராக வந்தன. பறிப்புச் செலவு குறைந்தது. எல்லாக் கணக்கிலும் லாபம்.

ஒரே ஒரு கணக்கை மட்டும் யாரும் போடவில்லை. தின்று பார்த்தார்களா என்பதுதான் அந்தக் கணக்கு. எடை போட்டார்கள், அளவு பார்த்தார்கள், நோய் தாங்குமா என்று சோதித்தார்கள். ருசி என்ற கட்டம் அந்தப் பதிவேட்டில் பின்னுக்குப் போய்விட்டது. புதிய ரகங்களோடு கசப்பும் சேர்ந்து வந்துவிட்டது. விவசாயி வேண்டுமென்று செய்யவில்லை. விதைக்காரரும் வேண்டுமென்று செய்யவில்லை. கவனிக்காமல் விட்டதால் நேர்ந்தது.

கசப்பைக் கவனிக்காமல் போனதற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. எல்லார் நாக்கும் ஒன்றல்ல. 1931-இல் ஆர்தர் ஃபாக்ஸ் என்ற அமெரிக்க ரசாயன நிபுணர், ஆய்வுக்கூடத்தில் ஒரு பொடியைக் கையாண்டுகொண்டிருந்தார். பொடி காற்றில் பறந்தது. பக்கத்தில் இருந்தவர் "கசக்கிறதே!" என்றார். ஃபாக்ஸுக்கோ ஒன்றும் தெரியவில்லை. அதிலிருந்துதான், சிலவகைக் கசப்பு சிலருக்கு மட்டும் பலமாகத் தெரியும், அது பிறவியிலேயே பெற்றோர் வழியாக வருகிறது என்ற விஷயம் வெளிப்பட்டது. கோஸ் இனத்துக் கசப்பும் இந்தவகையோடு சம்பந்தப்பட்டது. ஆகவே வீட்டில் ஒரு குழந்தை தட்டை ஒதுக்கினால் உடனே அடிக்காதீர்கள். அந்த நாக்குக்கு உண்மையிலேயே அதிகமாகக் கசக்கலாம்.

கிடங்கில் கிடந்த பழைய விதை

தின்கிறவர்கள் குறைந்தால் விளைவிக்கிறவன் கதி என்ன? சந்தை சுருங்கும். காயின் பேரே கெட்டுவிட்டது. பெல்ஜியத்துக்குப் பக்கத்து நாடான ஹாலந்து, காய்கறி விதைக்குப் பேர் போன நாடு. அங்கே ஹான்ஸ் வான் டோர்ன் என்ற விஞ்ஞானி ஒரு விதைக் கம்பெனியில் இந்த விஷயத்தை ஆராய்ந்தார். பல ரகக் காய்களை ஆட்களுக்குச் சமைத்துக் கொடுத்துச் சுவைக்கச் சொன்னார்கள். அதே காய்களை ஆய்வுக்கூடத்திலும் பகுத்துப் பார்த்தார்கள். அவரும் அவரோடு சேர்ந்தவர்களும் கண்ட முடிவு 1998-இல் வெளியாயிற்று. கசப்புக்கு முக்கியக் காரணம் இரண்டு பொருள்கள். ஒன்று சினிக்ரின். மற்றொன்று புரோகாய்ட்ரின். சினிக்ரின் என்பது நம் கடுகில் உள்ள அதே பொருள்தான்.

எதிரி யார் என்று தெரிந்துவிட்டது. இனி என்ன செய்வது? இங்கேதான், பெருமக்களே, நாம் கவனிக்க வேண்டிய இடம் வருகிறது.

அந்த நாட்டு விதைக் கம்பெனிகள், வழக்கொழிந்துபோன பழைய ரகங்களின் விதைகளைக் குப்பையில் கொட்டிவிடவில்லை. விளைச்சல் குறைவு, இயந்திரத்துக்கு உதவாது, யாரும் கேட்பதில்லை என்று தெரிந்தும், கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துச் சீட்டு எழுதிப் பத்திரமாகச் சேமித்து வைத்திருந்தார்கள். இப்போது அவற்றை எடுத்து விதைத்தார்கள். வரிசை வரிசையாக வளர்த்து, எதில் கசப்புப் பொருள் குறைவு என்று சோதித்தார்கள், தின்றும் பார்த்தார்கள். பாட்டி காலத்து ருசி அந்தப் பழைய ரகங்களில் சிலவற்றில் அப்படியே உறங்கிக்கொண்டிருந்தது.

ஆனால் அந்தப் பழைய ரகத்தை அப்படியே பயிரிட்டால் கட்டுப்படியாகாது. ஆகவே கசப்புக் குறைந்த பழைய ரகத்தையும், நன்றாக விளையும் புதிய ரகத்தையும் இணை சேர்த்தார்கள். பிறந்த பிள்ளைகளில் தாயின் ருசியும் தகப்பனின் விளைச்சலும் சேர்ந்து வந்ததைத் தேடிப் பொறுக்கினார்கள். மறுபடி இணை சேர்த்தார்கள், மறுபடி பொறுக்கினார்கள். இது ஒரு போகத்து வேலை அல்ல. வருஷக் கணக்கில் பொறுமையாகச் செய்த வேலை. கடைசியில் விளைச்சலும் குறையாமல், கசப்பும் மட்டுப்பட்ட ரகங்கள் கிடைத்தன.

வாணலி வந்தது

விதை திருந்தியது. அடுத்து சட்டியும் திருந்தியது. 2000-க்குப் பிறகு அமெரிக்க ஓட்டல் சமையற்காரர்கள் இந்தக் காயை வேகவைப்பதை விட்டுவிட்டு வறுக்கத் தொடங்கினார்கள். நியூயார்க்கில் 2004-இல் மொமொஃபுகு என்ற உணவுவிடுதியைத் தொடங்கிய டேவிட் சாங் என்பவர் இதைப் பன்றி இறைச்சியோடு வறுத்து, கொரியா நாட்டுப் புளித்த ஊறுகாயான கிம்ச்சியோடு சேர்த்துக் கொடுத்துப் பேர் வாங்கினார். முன்பு முகம் சுளித்தவர்களே கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். கலிபோர்னியாவின் குளிர்ந்த கடற்கரைப் பகுதியில் 1920-களிலிருந்தே இதைப் பயிரிட்டு வந்த விவசாயிகளுக்கு மறுபடி நல்ல காலம் பிறந்தது.

வறுத்தால் ஏன் ருசி? தண்ணீர் எவ்வளவு கொதித்தாலும் 100 டிகிரியைத் தாண்டாது. எண்ணெய் காய்ந்த இரும்புச் சட்டியில் சூடு அதற்கு வெகு மேலே போகும். காயின் ஈரம் வற்ற, உள்ளிருக்கும் சர்க்கரை செறிவாகும். வெட்டிய முகம் பொன்னிறமாகிச் சிவக்கும்போது புதிய மணம் பிறக்கும். ரொட்டி சிவப்பதும் தோசை முறுகுவதும் இதே ரசாயனம்தான். தண்ணீரில் வெந்த காய்க்கு இந்த மணம் வரவே வராது.

இனி செய்முறை. ஆண்களும் கேளுங்கள், இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

காய் வாங்கும்போது சின்னதாக, கெட்டியாக, நல்ல பச்சையாக இருப்பதைப் பொறுக்குங்கள். மஞ்சள் பாரித்து இலை விரிந்த காய் வேண்டாம். வாங்கினால் ஓரிரு நாளில் சமைத்துவிடுங்கள், கிடக்கக் கிடக்க வாடை ஏறும். அடிக்காம்பை லேசாகச் சீவி, வெளி இலை ஒன்றிரண்டை உரித்து, நீளவாக்கில் இரண்டாக வெட்டுங்கள். கழுவியபின் துணியில் நன்றாக ஈரம் துடைக்க வேண்டும். இதில் சோம்பல் கூடாது. ஈரம் இருந்தால் காய் வறுபடாது, ஆவியில் புழுங்கும்.

கால் கிலோ காய்க்கு இரண்டு கரண்டி எண்ணெய் போதும், சின்னக் கரண்டியால். கனமான இரும்பு வாணலியிலோ தோசைக்கல்லிலோ எண்ணெய் காய்ந்ததும், வெட்டிய முகம் கீழே இருக்கும்படி காய்களை வரிசையாக அடுக்குங்கள். ஒன்றன்மேல் ஒன்று குவிக்காதீர்கள். மூடி போடாதீர்கள். நாலைந்து நிமிஷம் கிளறாமல் விடுங்கள். கை துருதுருக்கும், அடக்கிக்கொள்ளுங்கள். அடிமுகம் நன்றாகச் சிவந்ததும் உப்புத் தூவித் திருப்பிவிட்டு, இன்னும் நாலைந்து நிமிஷம். கத்தி முனை காம்பில் இறங்க வேண்டும், ஆனால் காய் குழையக் கூடாது. இறக்கி, மிளகுத் தூளும் கொஞ்சம் எலுமிச்சைச் சாறும் விட்டால் முடிந்தது. உப்பு கசப்பை அடக்கும், புளிப்பு அதை மறக்கடிக்கும். பாகற்காய் சமைக்கும் நம் தாய்மார்களுக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

வேகவைத்துத்தான் தீருவேன் என்றால், எலிசா அம்மையார் சொன்னபடி செய்யுங்கள். நிறையத் தண்ணீர், நல்ல கொதி, உப்பு, திறந்த பாத்திரம், எட்டு பத்து நிமிஷத்துக்குள் வடித்துவிட வேண்டும். முட்டைக்கோஸ் பொரியலுக்கும் இந்தப் பாடம் பொருந்தும். கல்யாண வீட்டில் நெடுநேரம் மூடி வைத்த கோஸ் பொரியல் வாடை அடிப்பதன் காரணம் இப்போது உங்களுக்கே விளங்கும்.

நமக்கு என்ன பாடம்?

குட்டிக்கோஸ் குளிர்ப் பிரதேசத்துப் பயிர். 15 முதல் 18 டிகிரி வெப்பம் அதற்குச் சுகம். வெயில் ஏறினால் காய் கெட்டிப்படாமல் விரிந்துவிடும். நம் மாநிலத்தில் நீலகிரி போன்ற மலைப்பகுதிகளில்தான் இதற்கு இடம். அங்கே பயிரிடும் விவசாயிகள், குளிர் மாதங்களில் காய் திரளும்படி நடவைக் கணக்குப் பண்ணிக்கொண்டால் ருசி கூடும். சமவெளி விவசாயிகள் இதைப் பயிர் செய்ய முயல வேண்டாம். நான் சொல்ல வந்தது வேறு.

வீரிய ஒட்டு ரகம் கெட்டது என்று நான் சொல்லவில்லை. இந்தக் கதையிலேயே பாருங்கள். கசப்பு வந்ததும் புது ரகத்தால்தான், போனதும் புது ரகத்தால்தான். இயந்திரத்தையும் நான் குறை சொல்லவில்லை. ஆள் கிடைக்காத கஷ்டம் உங்களுக்குத் தெரியாததா? ஆனால் ஒரு ரகத்தைத் தேர்ந்தெடுக்கும்போது மூட்டைக் கணக்கோடு நாக்கின் கணக்கையும் போடுங்கள். புது விதை வாங்கினால் முதலில் ஒரு சின்னப் பாத்தியில் போட்டுப் பாருங்கள். விளைந்ததும் சந்தைக்கு அனுப்பும் முன், வீட்டில் சமைத்துப் பெரியவருக்கும் கொடுங்கள், சின்னக் குழந்தைக்கும் கொடுங்கள். "பழைய ருசி இல்லையே" என்று பெரியவர் சொன்னால், வயசானவர் பேச்சு என்று தள்ளாதீர்கள். ஐரோப்பாவில் அப்படித் தள்ளியதற்குக் கிட்டத்தட்ட முப்பது வருஷம் விலை கொடுத்தார்கள்.

இன்னொன்று, இதுதான் முக்கியம். ஹாலந்துக்காரர்களுக்குத் திரும்பிப் போக ஒரு வழி இருந்தது. ஏனென்றால் பழைய விதை கையில் இருந்தது. விதை இல்லாமல் போயிருந்தால் எந்த விஞ்ஞானியாலும் அந்த ருசியை அவ்வளவு சுலபமாகக் கொண்டுவந்திருக்க முடியாது. நம் நாட்டிலும் பயிர் ரகங்களைச் சேமித்துக் காக்க 1976-இல் தேசியப் பயிர் மரபு வளக் கழகம் டெல்லியில் ஏற்பட்டு வேலை செய்து வருகிறது. ஆனால் ஒவ்வொரு ஊரிலும், ஒவ்வொரு வீட்டுக் கொல்லையிலும் இருக்கிற கத்தரியையும் அவரையையும் சுரையையும் ஒரே கழகம் வந்து பொறுக்கிக்கொண்டிருக்க முடியுமா? அது உங்கள் கையில்தான் இருக்கிறது.

உங்கள் அம்மாவோ பாட்டியோ வைத்திருந்த விதை ஏதாவது வீட்டில் இருந்தால், அடுத்த பட்டத்தில் கொல்லையில் நாலு குழியாவது போடுங்கள். நன்றாக முற்றிய காயை விதைக்கு விடுங்கள். நிழலில் காயவைத்துச் சாம்பல் கலந்து, காற்றுப் புகாத டப்பாவில் போட்டு, ரகத்தின் பெயரையும் வருஷத்தையும் ஒரு சீட்டில் எழுதி உள்ளே வையுங்கள். வருஷக்கணக்கில் டப்பாவிலேயே கிடந்தால் முளைப்புத் திறன் போய்விடும். ஆகவே இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை போட்டுப் புதுப்பித்துக்கொள்ளுங்கள். கேட்கிற அக்கம்பக்கத்தாருக்கும் ஒரு பிடி கொடுங்கள். உங்கள் வீட்டில் தவறிப்போனாலும் அவர்கள் வீட்டில் இருக்கும்.

அன்றைக்கு என் வீட்டு நாற்றத்தைக் கேலி செய்த பாட்டிக்கு, பிறகொரு நாள் இதே காயை வறுத்து ஒரு தட்டில் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒன்றை எடுத்து மென்று பார்த்தார். இன்னொன்றை எடுத்தார். "கோஸு மாதிரியும் இருக்கு, கடலை மாதிரியும் இருக்கு. இதுக்கு வெதை கெடைக்குமா சார்?" என்றார்.

சமையல் ருசித்ததும் அந்தம்மாள் விதையைத்தான் கேட்டார். விவசாயி வீட்டுப் புத்தி அப்படித்தான் இருக்கும், இருக்கவும் வேண்டும்.